சடையிலிருந்து கழற்றிய சோழிகள்

அகதிகளைத் தங்கவைத்திருந்த அந்தக் கூடத்தில் தவமலரின் மொழி தெரிந்தவர் ஒருவருமில்லை. வேறு படகில் ஏற்றப்பட்ட கணவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஆப்பிரிக்கப் பெண் ஆமினாத்தாவின் மெல்லிய சடைகளில் சோழிகள் தொங்கின. தவமலர் அவற்றையே பார்ப்பதைக் கண்டதும், எவ்வளவு நேரமெடுத்துப் பின்னியதோ, அந்தச் சடைகளை அவள் தயங்காமல் அவிழ்த்து ஆறு சோழிகளை நீட்டினாள். இப்படியும் ஒரு மனசா என்று தவமலர் வியந்துபோனாள். குளிக்கிற சவர்க்காரக் கட்டியால் தரையில் கட்டம் கீறி, சோழிகளை உருட்டினாள். ஒன்று மட்டும் மல்லாந்து விழுந்தது.

“தாயம் விழுந்திட்டுது!” என்று கத்தினாள். அவள் குரல் அந்தக் கூடத்தில் கேட்டது அதுதான் முதல்முறை.

ஆமினாத்தா கட்டத்தைப் பார்க்கவேயில்லை. அவளுடைய ஊரில் சோழி உருட்டுவது குறி கேட்பதற்கு. விழுந்த சோழிகளின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“இதில என்னப்பா பாக்கிறீர்? சும்மா விளையாட்டுத்தானே.”

ஆமினாத்தா மல்லாந்த சோழியைத் தொட்டாள். பிறகு தவமலரின் தாலியைத் தொட்டாள். உள்ளங்கையைப் படகுபோலக் குவித்து, தரையில் மெல்ல நகர்த்தி தவமலரின் மடிவரை கொண்டுவந்து நிறுத்திச் சிரித்தாள்.

அடுத்த ஆட்டத்துக்குச் சோழிகளை அள்ளத் தவமலருக்குக் கை வரவில்லை.

“இன்னொருக்காச் சொல்லும்” என்றாள்.