பல்லியே சொல்லிவிட்டது

குளியலறையில் டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள் என்றதும் உளி வந்து சுவரை ஒரு சுற்றுப் பார்த்தது.

"பழைய பெயிண்டைச் சுரண்டணும். விரிசலை அடைக்கணும். உடம்பு முழுக்கக் கொத்தி, பிரைமர் அடிக்கணும். அப்பதான் டைல்ஸ் பிடிக்கும்."

"நான் வழவழன்னு நல்லாத்தானே இருக்கேன்? அப்படியே ஒட்டினாலும் பிடிச்சுக்கும்" என்றது சுவர், அவசரமாக.

விரிசலுக்குள்ளிருந்து பல்லி 'ச்சு ச்சு' என்றது.

"கேட்டியா? பல்லியே சொல்லிடுச்சு."

உளிக்கு அதற்கு மேல் வாதாடத் தைரியமில்லை. "சரி, ஈரமாவது காயட்டுமே?"

"ஈரமெல்லாம் ஒண்ணும் செய்யாது."

'ச்சு ச்சு.'

உளி பைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. பல்லி மூன்று தலைமுறையாக அந்த விரிசலில்தான் குடியிருக்கிறது என்பதை இருவரும் யோசிக்கவில்லை.

டைல்ஸ் ஒட்டியாயிற்று. மேலே, கூரையோரத்தில் மட்டும் விரிசலின் வாய் திறந்திருந்தது. மூன்றாம் நாள் பல்லி அதன் வழியாக வெளியே வந்து, பளபளக்கும் மேல்வரிசையில் கொசுவுக்காகக் காத்திருந்தது. அந்த வரிசை அப்படியே பெயர்ந்து விழுந்தது. பல்லி கூரைக்குத் தாவித் தப்பித்துவிட்டது. வால் மட்டும் உடைந்த டைல்ஸ் நடுவே கிடந்து துடித்தது.

சத்தம் கேட்டு உளி எட்டிப் பார்த்தது.

"பல்லி விழுந்தா என்ன பலன்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்கு" என்றது சுவர், கவலையோடு. "வால் மட்டும் விழுந்தா என்ன பலன்?"

இருவரும் கூரையைப் பார்த்தார்கள்.

பல்லி வாயைத் திறக்கவில்லை.