இரண்டாவது எங்கே?

"ஏண்டா மராசெக், நீ ஆட வந்தியா, புல்லு மேய வந்தியா? எப்பப் பார்த்தாலும் தரையிலேயே கெடக்கே!"

கோச் டெலானியின் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. 1951 நவம்பர். எங்கள் ஸ்டோக்கர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பத்து ஆட்டத்தில் அன்று எட்டாவது தோல்வி.

டெலானி வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அதிலும் ஸ்டான் மராசெக்கைக் கண்டால் மனுஷனுக்கு ஆகவே ஆகாது.

மராசெக்குக்கு முப்பத்தாறு வயது. முன்வரிசையில் நின்று, பாய்ந்து வருகிறவர்களை மறிக்கிற வேலை. இடது முழங்கால் போய்விட்டது. அன்றைக்கு மறிக்கப் போய் ஐந்து தடவை மல்லாந்து விழுந்தார்.

"கால் சறுக்கிடுச்சு, கோச்."

"சறுக்கல. வயசாயிடுச்சு. பேரப்புள்ளையக் கொஞ்சற வயசுல உனக்கு எதுக்குடா ஹெல்மெட்டு?"

அந்த நேரம் பார்த்து அணியின் முதலாளி ப்ரூயிட் உடை மாற்றும் அறைக்குள் வந்தார். சாசேஜ் விற்கிற இறைச்சிக் கம்பெனிக்காரர். ஆட்டம் நடக்கும்போதெல்லாம் பெரிய மனிதர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருப்பாரே தவிர, மைதானத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

"செவ்வாய்க்கிழமை இந்த ஆட்டத்தைப் படம் போட்டுப் பார்ப்பீங்கல்ல? நானும் வர்றேன். எவன் சரியில்லையோ அவனை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பறேன்."

மராசெக்கின் முகம் செத்துப்போனது.

சீசன் முடிய இன்னும் இரண்டே ஆட்டம். அதுவரை நின்றுவிட்டால், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கோச் வேலை காத்திருந்தது. பாதியில் கழற்றிவிடப்பட்ட ஆள் என்று தெரிந்தால் அவர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். வீட்டில் மனைவிக்கு எட்டாவது மாதம்.

படம் எடுக்கிறவன் நான்தான். எட் லூமிஸ். சனிக்கிழமை கல்யாண வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக் கூரைமேல், கேமராவோடு நிற்பேன்.

திங்கட்கிழமை, கழுவி வந்த பிலிமை என் ஸ்டூடியோ மேஜையில் விரித்தேன். கத்தரியை எடுத்தேன்.

நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். நடப்பது எத்தனையாவது முயற்சி என்று ஓரத்தில் ஒருவன் கம்பில் எண் பலகை பிடித்துக்கொண்டு நிற்பான். மராசெக் விழுந்ததை மட்டும் வெட்டினால் எண் உதைக்கும். அதனால் ஒன்றிலிருந்து நாலு வரை மொத்தமாகவே வெட்டி ஒட்டினேன். இப்படி நாலு இடம் காலி.

ஐந்தாவதையும் வெட்டினால் படம் ரொம்பக் குட்டையாகிவிடும். பயந்துபோய் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை. இருட்டறை, சிகரெட் புகை, டோனட். வழக்கமாக யாராவது விழுந்தால் டெலானி அதையே பத்து தடவை முன்னும் பின்னும் ஓட்டி மானத்தை வாங்குவார். அன்றைக்கு ஓட்ட எதுவும் அகப்படவில்லை.

"இடது பக்கம் நிக்கற கிழவன் யாரு?" என்றார் முதலாளி. "பரவாயில்லையே, ஒரு தடவைகூட விழல!"

பின்வரிசையில் ஆட்டக்காரன் ஒருவனுக்கு இருமல் வந்தது. அப்புறம் எல்லோருக்கும் வந்தது. மராசெக் மட்டும் திரையில் யாரையோ பார்ப்பதுபோலத் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது வரும் நேரம். பலகையில் ஒன்று. அடுத்து... மூன்று. நான் விட்டுவைத்திருந்த அந்த விழுதலைக் காணோம்!

"நிறுத்து, நிறுத்து! ஒண்ணுக்கப்புறம் மூணு வருது. ரெண்டாவது எங்கே?"

முதலாளிக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் சாசேஜை எண்ணி எண்ணியே பெரிய ஆள் ஆனவர்.

மராசெக் தலையைக் குனிந்துகொண்டார். டெலானி துள்ளி எழுந்தார்.

"லூமிஸ்! கூரைமேல ஏறித் தூங்கிட்டியாடா? கல்யாணத்துல மோதிரம் மாத்தறப்பவும் இப்படித்தான் கண்ண மூடிக்குவியா?"

"குளிர்ல... கேமரா சிக்கிடுச்சு, கோச்."

"ஆட்டக்காரங்க இருக்கட்டும்" என்றார் முதலாளி. "இங்க தண்டம் இந்த ஆள்தான். இவனை மொதல்ல அனுப்பு!"

"என்கிட்ட விடுங்க, மிஸ்டர் ப்ரூயிட்."

டெலானி என் காலரைப் பிடித்துத் தன் அறைக்கு இழுத்துப்போய்க் கதவை அறைந்து சாத்தினார். முழங்கால் போன மனுஷனைப் புல் மேயச் சொன்னவர் என்னைச் சும்மா விடுவாரா?

"வேலை தெரியாதாடா உனக்கு?" என்று வெளியே கேட்கும்படி ஒரு கத்து கத்தினார்.

பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு கத்தரி, பசைப் புட்டி, சுருண்டு கிடந்த பிலிம் துண்டு. துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மராசெக் மல்லாந்து கிடந்தார்.

"காலைல நீ படத்தை வெச்சுட்டுக் காபி குடிக்கப் போனேல்ல? அப்ப வெட்டினேன்." குரல் இறங்கியிருந்தது. "ஞாயித்துக்கிழமை வேற தொப்பி போட்டுக்கிட்டு வா. முதலாளிக்கு உன் மூஞ்சி ஞாபகம் இருக்காது."

அவர் கதவைப் பார்த்து, "வெக்கமா இல்ல?" என்று இன்னொரு கத்து கத்திவிட்டு, நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ நாலு எடத்துல வெட்டியிருக்கே, ஒண்ணுகூட வெளிய தெரியல. அடுத்த வாரமும் விழுவான், பாவம். எப்படி வெட்டறதுன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுடா."