ஐந்தடிக்குள்

“மேல மண்ணு இன்னும் எறங்கிக்கிட்டுத்தான் இருக்கு. ரெண்டு எடத்துல தோண்ட முடியாது. ஒரு எடத்தக் காட்டுங்க டீச்சர்,” என்றான் பொக்லைன் ஓட்டும் பால்ராஜ்.

தோண்டும் இடத்தில் ஊன்றிக் காட்ட வேண்டிய இரும்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி அமுதவள்ளி சேற்றில் நின்றாள்.

காலையில் இங்கே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்தது. இப்போது மலையே ஒருபக்கம் பிய்ந்து வந்து அதன்மேல் கிடந்தது. உள்ளே இரண்டு பேர். தெற்கு அறையில், அடுப்புக்கு விறகு தள்ளும் சோணை. வடக்கு அறையில், மூட்டை தைத்துக்கொண்டிருந்த மாரீஸ்வரன். அமுதவள்ளியின் கணவன்.

நடுச்சுவருக்கு நேர்மேலே தோண்டினால் இரண்டு அறையும் திறக்கும். அதற்குத்தான் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

சுவர் எங்கே என்பதுதான் தெரியவில்லை. மண்ணுக்கு மேலே மிஞ்சியிருந்தது, ஸ்டோருக்கு வடக்கே நின்ற கரண்டுக் கம்பம் ஒன்றுதான்.

போடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள் என்று டேப்பை அவளிடமே கொடுத்துவிட்டார்கள். சொந்த ஸ்டோர் என்று அதைக் கட்டும்போது கூடவே நின்றவளும் அவள்தான்.

கம்பத்திலிருந்து தெற்கே அளந்து ஓர் இடத்தை மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

சுவருக்கு இவ்வளவு தூரம் என்பது நினைவிலிருந்து எடுத்தது. அதில் மூன்றடி முன்னே பின்னே இருக்கலாம். கம்பத்தையும் மண் தள்ளியிருந்தது. அதில் நான்கடி இருக்கலாம்.

மூன்றும் நான்கும் ஏழு என்று இதைக் கூட்டக் கூடாது. இரண்டு பிழையும் முழுசாக ஒரே பக்கம் சாய்வது அபூர்வம். ஒன்று இழுத்தால் மற்றது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதனால் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஐந்து. வருசா வருசம் போர்டில் எழுதிப்போடும் கணக்குதான்.

குறித்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஐந்தடி, அந்தப் பக்கம் ஐந்தடி. சுவர் அதற்குள் எங்கேயோ இருக்கிறது. அதற்குள் எங்கே கம்பியை ஊன்றினாலும் யாரும் அவளைத் தப்புச் சொல்ல முடியாது.

சோணையின் பெண்டாட்டி பேச்சி ஒட்டி நின்றிருந்தாள். அழவில்லை. அமுதவள்ளியின் முந்தானையைப் பிடித்திருந்தாள், பிடித்திருப்பது தெரியாமலே.

மேலே ஒரு கல் பெயர்ந்து உருண்டது. அத்தனை பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. வாங்கத்தான் ஆளில்லை.

ஊன்றினாள்.

பொக்லைன் தோண்டத் தொடங்கியது. வெகுநேரம் வெறும் மண். பிறகு சாம்பல் வந்தது. அடுப்புச் சாம்பல். அதற்குக் கீழே, சாய்ந்த உத்தரத்தின் இடுக்கில், சோணையின் கை. விரல்கள் அசைந்தன.

அவனை வெளியே இழுத்த கொஞ்ச நேரத்தில் மேல்மண் சரிந்து குழி மூடிக்கொண்டது. மறுபடி தோண்டி மாரீஸ்வரனை எடுக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. மூச்சு இல்லை.

ஜீப்பில் ஏற்றும்போதே கூட்டத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. நடுவில் ஊன்ற வேண்டிய கம்பியை, கட்டின புருசனை விட்டுவிட்டுக் கூலிக்காரன் பக்கமாகத் தள்ளி ஊன்றினாளாம் மகராசி.

பேச்சி சேற்றில் விழுந்து அவள் கால்களைக் கட்டிக்கொண்டாள். “ஒங்க தாலியக் குடுத்து என் தாலியக் காப்பாத்திட்டீகளே, ஆத்தா.”

 

கம்பியை அமுதவள்ளி தள்ளித்தான் ஊன்றினாள். குறித்த இடத்திலிருந்து நாலடி. வடக்கே, மாரீஸ்வரன் இருந்த பக்கம்.

இரண்டு பிழையும் முழுசாக ஒரே பக்கம் சாய்ந்து, அந்த நாலடியையும் விழுங்கிவிட்டு, ஏழடியும் தெற்கே, சோணை பக்கம் இழுத்திருந்தது.

கால்களை மெல்ல உருவப் பார்த்தாள். பேச்சி விடவில்லை.