தபால் வழிப் படிப்பு

"என்ன தனபாலா, இன்னும் விடலையா?"

காஜா பெராங் வட்டாரத்தில் தனபாலன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே மாணிக்கவாசகம் இப்படித்தான் கேட்பார். தினம் சாயங்காலம் இதே கேள்வி.

தனபாலன் ஒரு ரப்பர் கம்பெனியில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. நாடு சுதந்திரம் வாங்கிவிட்டது, வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டுகிறார்கள், கணக்குப் பரீட்சை தேறியிருந்தால் மேல் வேலை கிடைக்கும் என்று லண்டன் கல்லூரி ஒன்றில் தபால் வழியாகச் சேர்ந்திருந்தான்.

அவனுடைய சிநேகிதரான மாணிக்கவாசகத்துக்கு அது வேடிக்கை. சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் படிப்பவனுக்கு வாத்தியார் இருக்கிறார், உனக்குத் தபால்காரரை விட்டால் யார் இருக்கிறார், இந்த மாதம் தாண்டாது, விட்டுவிடுவாய் என்பார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காப்பியை ஆற்றி ஆற்றிக் குடிப்பார்.

இந்த மனுஷன் முன்னால் தோற்கக்கூடாது என்று தனபாலனுக்கு வீம்பு. தெருமுனையில் சைக்கிளைக் கண்டதும் அவன் மனைவி தெய்வானை குரல் கொடுப்பாள். ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பவன் ஓடிப்போய்ப் புத்தகத்தை விரிப்பான்.

வந்தவர் லேசில் எழுந்திருக்க மாட்டார். ஒரே பக்கத்தை எவ்வளவு நேரம்தான் முறைப்பது? வேறு வழியில்லாமல் படித்துத் தொலைப்பான்.

ஒருநாள் பாடம் மண்டையில் ஏறவே இல்லை. போதும் சாமி என்று புத்தகங்களைக் கட்டி அலமாரிமேல் போட்டுவிட்டான். வெளியே பேய்மழை. இன்றைக்கு அவர் வரமாட்டார் என்ற தைரியம்.

சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார் மாணிக்கவாசகம்.

"விட்டாச்சா?"

தனபாலன் முக்காலியைப் போட்டு ஏறினான். புத்தகக் கட்டு கீழே இறங்கியது.

கேலி பண்ணுவதற்காக இந்த மழையிலுமா ஒரு ஆள் வருவார் என்று தெய்வானை அடுப்படியில் பொருமினாள்.

கடைசியில் தனபாலன் தேறினான். மேல் வேலையும் கிடைத்தது.

தெய்வானை ஒரு தட்டு லட்டுடன் பண்டார் ஹிலிர் பக்கம் இருந்த மாணிக்கவாசகம் வீட்டுக்குப் போனாள். இனிப்பு கொடுக்க அல்ல, நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க.

"அண்ணே, அவர் பாஸாயிட்டார். இனிமே நீங்க எங்க வீட்டுக்கு அலைய வேண்டியதில்லை."

"அப்பாடா, இனியாவது ஆபீஸ் விட்டு நேரா வீட்டுக்கு வருவீங்க," என்றாள் அவர் மனைவி சந்திரமதி.

மாணிக்கவாசகம் ஒரு லட்டை எடுத்துக்கொண்டார்.

"நானும் இந்தத் தபால் படிப்புல சேர்ந்தவன்தாம்மா. மூணாவது பாடத்தோட விட்டுட்டேன்," என்றார். "ஏன்னு கேட்க அப்ப ஒரு ஆள் வரலை."