சுண்ணாம்பு உலராத உத்தரம்

விரிசல் தெளிவாகத் தெரிவதற்காக, ஆய்வகத்தில் கான்கிரீட் உத்தரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துத்தான் எடை ஏற்றுவார்கள். கோடை ஆய்வுக்கு வந்த பொறியியல் மாணவர்களுக்கு ஆளுக்கொரு உத்தரம். விரிசல் விட்டதும் அளந்து கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடலாம். எல்லோரும் போய்விட்டார்கள். செண்பகவல்லி மட்டும் இருந்தாள்.

"என்னைக்குடி வாரே? பொண்ணு பாக்க வாரவங்களுக்கு நான் என்ன சொல்ல?" என்றாள் அம்மா போனில்.

"என்னோடது இன்னும் விரிசல் விடலம்மா."

போனை வைத்துவிட்டு, மயிரிழையாக ஓடிய விரிசலின் மேல் மறுபடியும் சுண்ணாம்பு பூசினாள்.

பேராசிரியர் வந்து உத்தரத்தைத் தடவினார். விரலில் ஈரம் ஒட்டியது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சரிம்மா, இன்னும் கொஞ்சம் எடை ஏத்திப் பாப்போம்."