கோணல் காலர்

"ஏங்க, இந்தக் காலரைப் பாருங்க. வலது பக்கம் அரை விரல் கீழே தொங்குது."

"தெரியும்."

"தெரிஞ்சேவா தைச்சீங்க?"

டெய்லர் நிமிரவில்லை. மெஷினை மிதித்துக்கொண்டே, "தெரிஞ்சேதான். நீ பட்டனைத் தை" என்றார்.

அவர் மனைவிக்குக் கை ஓடவில்லை. எட்டுச் சட்டை. எட்டும் ஒரே கருநீலம், ஒரே அளவு. ஏழு காலர் கத்தி மாதிரி நிற்கிறது. எட்டாவது மட்டும் இப்படி.

சட்டை யாருக்கு என்று அவளுக்குத் தெரியும். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்குப் பெயரே பிழைதிருத்திதான். கடைப் பலகையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தாலும் நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். பத்தொன்பது வருடத்துக்கு முன் இதே கடையில், பத்து பேர் நடுவில், "யோவ் டெய்லர், இது காலரா, நாய்க்காதா?" என்று சட்டையை மேஜையில் எறிந்துவிட்டுப் போனவர். அன்றிலிருந்து டெய்லர் அவர் முகத்தில் விழிப்பதில்லை.

"அதுக்கு இப்பவா பழி தீர்க்கறீங்க? அந்த மனுஷன் நடுக்குவாதம் வந்து நாற்காலியே கதின்னு கிடக்காருன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க?"

சொன்னார்தான். போன வாரம் பிழைதிருத்தியின் மனைவி சொல்லியனுப்பியதால், அளவெடுக்க வீட்டுக்கே போயிருந்தார். கழுத்துக்கு டேப் போட்டபோது, பிழைதிருத்தியின் வாயோரம் எச்சில் வழிந்து டெய்லரின் புறங்கையில் விழுந்தது. பிழைதிருத்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வாசல்வரை வந்த பிழைதிருத்தியின் மனைவி மெதுவாகச் சொன்னார்: "எச்சில் ஒண்ணும் அதிகமா ஊறலையாம் டெய்லர். விழுங்கத்தான் மறந்துபோகுதாம். தலையை நிமிர்த்தி, வாயை மூடி, ஒரு தடவை விழுங்கிட்டுப் பேசினா வழியாதுன்னு பேச்சுப் பயிற்சி குடுக்கிற பொண்ணு சொல்லுது. கேட்டாத்தானே? வெளியாள்கிட்ட வாயைத் திறந்து நாலு மாசம் ஆச்சு. சாயங்காலம் செஸ் ஆட வர்றவங்க முன்னாடி சட்டை நனைஞ்சா என் கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே போய் மாத்திக்கிறார். எல்லாம் ஒரே கலரா இருந்தா மாத்தினது யாருக்கும் தெரியாதில்ல? அதான் எட்டு."

இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான் இப்போது கோணல் காலர் தைத்திருக்கிறார்.

"நியாயமே இல்லைங்க இது."

"எனக்கும் அவருக்கும் நடுவுல நீ வராதே."

மறுநாள் சாயங்காலம் டெய்லர் மூட்டையோடு போனார். செஸ் பலகையைச் சுற்றி இரண்டு பேர் இருந்தார்கள். வேண்டுமென்றே கோணல் சட்டையை எல்லாவற்றுக்கும் மேலே எடுத்து வைத்து, பிழைதிருத்தியின் மடியில் கொடுத்தார்.

"எட்டும் பழுதில்லாம தைச்சிருக்கேன் சார். என் கையில தப்பே வராது."

பிழைதிருத்தியின் நடுங்கும் விரல் இடது காலரைத் தடவியது. வலது காலருக்கு வந்தது. நின்றது.

"என்ன சார், சரியாத்தானே இருக்கு?"

பிழைதிருத்திக்கு முகம் சிவந்தது. உதடு துடித்தது. மனைவி கைக்குட்டையோடு ஓடி வந்தார். பிழைதிருத்தி வேண்டாம் என்று கையைக் காட்டினார். தலையை நிமிர்த்தினார். வாயை இறுக்கி மூடினார். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

"யோவ் டெய்லர்!"

செஸ் ஆட வந்தவர் கையில் குதிரை அப்படியே நின்றது.

மறுபடியும் ஒரு விழுங்கல்.

"பத்தொன்பது வருஷம் ஆச்சு. இன்னும் நாய்க்காதுதான் தைக்கிறியா?"

ஒரு சொட்டு விழவில்லை. கைக்குட்டை அந்த அம்மாவின் கண்ணுக்குத்தான் தேவைப்பட்டது.

டெய்லர் தலையைச் சொறிந்தார். "தப்புதான் சார். பிரிச்சுத் தைச்சு வெள்ளிக்கிழமை கொண்டுவரேன்."

"கொண்டு வா. பார்த்துட்டுத்தான் வாங்குவேன்."

கடைக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள். "திட்டினாரா?"

"நல்லாத் திட்டினார். வந்தவங்க ரெண்டு பேர் முன்னாடியே."

"வேணும் உங்களுக்கு."

டெய்லர் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். காலரைப் பிரித்து ஒரே மூச்சில் நேராகத் தைத்தார். பல்லால் நூலைக் கடித்துவிட்டு, சட்டையை அவளிடம் நீட்டினார்.

"அவரை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. நாய்க்காதுன்னு சொன்னது சொன்னதுதான்" என்றார். "இதுல மூணாவது பட்டனை மட்டும் ஒரு விரல் தள்ளி வைச்சுத் தை. வெள்ளிக்கிழமையும் அந்த மனுஷன் நாலு வார்த்தை பேசணும்."