காது போகும் பாட்டு

"உன் காது ரெண்டும் உனக்கு வேணுமா, வேண்டாமா?"

நீதிபதி ஸ்டக்லி ஏவிஸ் ஹாப்டேயிடம் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தும் ஆஷ்கோம் கிராமத்தில் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கோயில் வாசலில் விசாரணை, அதுவும் பீர்க்கடைக்காரியை விசாரிக்கிறார்கள் என்றால் சும்மாவா? கல்லறைத் தோட்டம் முழுக்கத் தலைகள்.

"வேணும் எசமான். காதில்லேன்னா தொப்பி கண்ணு மேல விழுந்துடுமே."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஸ்டக்லி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்று விடிகாலையில் கோயில் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஊர் நிலக்கிழார் சர் எவரார்ட் பிளைத்தின் காரியஸ்தன் பார்த்த மாத்திரத்தில் அதைக் கிழித்துக்கொண்டு நீதிபதியிடம் ஓடினான். எசமானைக் கேலி செய்யும் பாட்டாம். தாளின் பின்பக்கம் காய்ந்திருந்த பசையில் பார்லித் தவிடு ஒட்டியிருந்தது. பார்லியை அரைத்துப் பீர் காய்ச்சி விற்கிறவள் ஊரில் ஏவிஸ் ஒருத்திதான்.

இந்த மாதிரிப் பாட்டை எழுதினாலும் குற்றம், பாடினாலும் குற்றம். வழக்கு லண்டனில் அரசரின் நீதிமன்றமான நட்சத்திர மன்றத்துக்குப் போனால் காதில்லாமல்தான் திரும்ப வேண்டும்.

"பொது மேய்ச்சல் நிலத்துக்கு சர் எவரார்ட் வேலி போட்டுட்டார். உன் மாட்டை விக்க வேண்டியதாப் போச்சு. அந்த ஆத்திரம்தானே? ஒத்துக்கோ. சவுக்கடியோட விட்டுடறேன்."

"எதை எசமான் ஒத்துக்கறது? எனக்குத் தெரிஞ்ச எழுத்து, கையெழுத்துக்குப் பதிலா போடற பெருக்கல் குறி ஒண்ணுதான். அதுவும் கோணலா வரும்."

"நடிக்காதே! இந்நேரம் ஊரே இதைப் பாடிட்டிருக்கும்!" ஸ்டக்லி தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "இனி உன்கிட்ட பேச்சில்லை. லண்டன்ல போய்ச் சொல்லிக்கோ."

எல்லாம் போச்சு என்று நினைத்தாள் ஏவிஸ்.

அப்போதுதான் போதகர் டிங்லி தொண்டையைச் செருமினார். அவர் இருக்கிற இடமே தெரியாது. பிரசங்கம்கூட இரண்டாவது வரிசைக்கு மேல் கேட்காது.

"தப்பா எடுத்துக்காதீங்க. படிக்கத் தெரியாதவங்க மேல குற்றம் சாட்டினா, அதை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டணும்கிறதுதானே முறை? லண்டன்ல முதல்ல அதைத்தான் கேப்பாங்க."

ஸ்டக்லியின் முகம் சிவந்தது. "சரி, நீங்களே வாசிங்க போதகரே."

"ஐயையோ! நீங்க வாசிச்சா அது விசாரணை. நான் வாசிச்சா அது பாட்டு. எனக்கும் ரெண்டு காதுதான் இருக்கு."

வேறு வழியில்லை. ஸ்டக்லி தாளை எடுத்துப் பிரித்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு, அரச கட்டளை வாசிப்பது போல முழங்கினார்:

"வேலிக்குக் கால்கள் முளைத்ததடி – அது
விடியுமுன் பத்தடி நடந்ததடி;
நாலுகால் மாடுகள் பட்டினியாம் – ஒரு
ரெண்டுகால் மாடு கொழுத்ததடி!"

ஏவிஸ் காதருகே கையைக் குவித்தாள்.

"எசமான், எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம். இன்னொரு தடவை..."

பல்லைக் கடித்துக்கொண்டு அவர் மறுபடி வாசித்தார். இந்த முறை கடைசிச் சுவரோரம் நின்றவர்களுக்கும் கேட்டது.

"மாட்டைப் பத்தின பாட்டு மாதிரி இருக்கே. இதுல என்ன குத்தம்? ரெண்டு கால்ல மாடு எங்க இருக்கு எசமான்?"

"சர் எவரார்டைத்தான்டி சொல்லியிருக்கு!" ஸ்டக்லி கத்தினார். "அந்த ரெண்டு கால் மாடு சர் எவரார்ட்தான்!"

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. கொல்லன் ஒருவன் தன் தொப்பியை வாயில் திணித்துக்கொண்டான்.

"ஐயோ எசமான், நான் அப்படிச் சொல்லலையே," என்றாள் ஏவிஸ்.

அவளிடம் இறகுப் பேனாவையும் வெற்றுத் தாளையும் கொடுத்து எழுதச் சொன்னார்கள். பெருக்கல் குறி போடுவதற்குள் தாள் கிழிந்தது. தவிட்டுக்கும் போதகரே பதில் சொன்னார்: பன்றிக்குப் போட அவள் கடைத் தவிட்டை ஊரில் வாங்காதவர் யார்? ஸ்டக்லியிடம் வேறு சாட்சி இல்லை.

"இனிமே இதை எவனாவது பாடட்டும், காதை அறுத்து அவன் கையிலேயே கொடுக்கறேன்!" என்று சொல்லிவிட்டுக் குதிரையில் ஏறினார்.

யாரும் பாடவில்லை. குதிரை பாலத்தைத் தாண்டும் முன்பே, பழைய கல்யாண மெட்டு ஒன்றில் அந்த நாலு வரியையும் ஊர் மொத்தமும் சீட்டியடிக்க ஆரம்பித்துவிட்டது. சீட்டிக்கு ஏது வார்த்தை?

ஏவிஸ் கோயிலுக்குள் போய் முதல் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அந்த ஆளு தாளை மடிச்சுப் பைக்குள்ள வெச்சப்ப எனக்கு உசிரே போயிடுச்சு ஐயா. நான் கட்டின பாட்டு, ஊர்ல ஒருத்தர் காதுலயும் விழாமலே லண்டன் போயிருக்கும்."

போதகர் டிங்லி கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வாசிக்க வெச்சுடலாம்னு எனக்குத் தெரியும் ஏவிஸ். அவருக்குக் கண்ணு மங்கல், அது ஒண்ணுதான் கவலை. அதான் ஒவ்வொரு எழுத்தையும் அவ்வளவு பெருசா எழுதினேன்."